செங்குருகைப் பார்க்காதவர்

அவர் பறவைகளை டஜன் கணக்கில்தான் எண்ணுவார். குளத்தில் நாமக்கோழி எத்தனை இருக்கிறது என்று கேட்டால் நாற்பது என்று பதில் வராது. "மூணு டஜனும் நாலு பீஸுங்க" என்பார். பீஸ் என்ற சொல்லைக் கேட்டுப் பறவை ஆர்வலர்கள் சிலர் முகம் சுளித்தது எனக்குத் தெரியும். அவர் அதையெல்லாம் கண்டுகொள்ள மாட்டார். பதினெட்டு வருஷமாகப் பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் நின்றவர். டி-ஷர்ட்டை மேசையில் விரித்துப் போட்டு, தோள் தையல், கழுத்துப் பட்டை, கைமடிப்பு என்று விரலை ஓட்டி, பழுது கண்ட இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டி ஒதுக்கி வைப்பது அவர் வேலை. பன்னிரண்டு பன்னிரண்டாகக் கட்டி வந்த உருப்படிகளைப் பார்த்துப் பழகிய கண் குளத்துக்கு வந்தும் அப்படியே எண்ணியது.

அவர் பெயரைச் சொல்லப் போவதில்லை. கம்பெனியில் அவருக்கு ரீசெக் அக்கா என்று பெயர். ஒருவர் பார்த்துப் பாஸ் போட்ட கட்டை இவர் மறுபடி பிரிப்பார். சூப்பர்வைசர் கத்தினால், "இன்னொருக்கா பாத்துக்கலாமுங்க" என்பார். கோபமோ கிண்டலோ இருக்காது. அந்த 'ங்க' கூட ஒரு மாற்றுக் குறையாது. பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார்ந்திருப்பவர் முன்பின் தெரியாத ஆளாக இருந்தாலும் தோளைத் தட்டி, "ஏனுங்க, காலர்ல ரெண்டு தையல் உட்டுருக்குதுங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வேடிக்கை பார்க்க ஆரம்பித்துவிடுவார். சொல்லப்பட்டவர் பல்லடம் வரைக்கும் காலரைத் தடவிக்கொண்டே வருவார்.

நான் தெக்கத்திக்காரன். அந்தக் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலை பார்த்தேன். வெளிநாட்டில் ஆர்டர் கொடுப்பவருக்கும் இங்கே தைப்பவருக்கும் நடுவில் நின்றுகொண்டு இரண்டு பக்கமும் பொய் சொல்கிற உத்தியோகம் அது. எனக்கு நன்றாக வந்தது. எங்கள் இருவருக்கும் ஒத்துப்போக ஒரு காரணமும் இல்லை.

ஒரு தடவை குழந்தைகள் உடுப்பு ஒரு லோடு, பெட்டி ஒட்டி லாரிக்கு ஏறத் தயாராக நின்றது. அப்போது இவர் வந்து, தையல் பிரிவில் உடைந்த ஊசிகளை ஒட்டி வைக்கிற நோட்டில் ஒரு ஊசியின் முனை மட்டும் இல்லை என்றார். முனை எங்காவது தரையில் கிடக்கும் என்றேன். "தரையில பாத்துட்டனுங்க சார்" என்றார். பெட்டிகளைப் பிரிக்க வைத்தார். லாரிக்காரர் ஒரு பக்கம் ஹாரன் அடிக்கிறார், நான் ஒரு பக்கம் சத்தம் போடுகிறேன், இவர் ஒவ்வொன்றாக எடுத்துக் கீழ் மடிப்பை அழுத்திப் பார்த்துக்கொண்டிருக்கிறார். மத்தியானச் சாப்பாட்டுக்கு மணி அடிக்கும் நேரத்தில் ஒரு வயசுக் குழந்தை போடுகிற பனியனின் மடிப்புக்குள் அந்த முனை கிடைத்தது. அதை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். நியாயமாகப் பார்த்தால் நான் காலில் விழுந்திருக்க வேண்டும். எனக்கோ கோபம் இன்னும் ஏறியது. அவர் சொன்னது பொய்யாகிப் போயிருந்தால்கூட மன்னித்திருப்பேன் என்று நினைக்கிறேன்.

இப்படிப்பட்டவரைப் பறவைத் திருவிழாவுக்குக் கொண்டுவந்தது நான்தான் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

கம்பெனிக்குப் பின்னால் ஒரு பெரிய குளம். தை மாதத்தில் வாத்துகளும் உள்ளான்களும் வந்து இறங்கும். எங்கள் முதலாளி முழங்கை நீளத்துக்கு லென்ஸ் வைத்த கேமரா ஒன்று வாங்கியிருந்தார். ஊரில் சில இளைஞர்கள், ஒரு பல் டாக்டர், ஓய்வு பெற்ற விலங்கியல் பேராசிரியர் எல்லாம் சேர்ந்து ஒரு பறவைக் குழு வைத்திருந்தார்கள். அந்தக் குழுவுடன் முதலாளி சேர்ந்துகொண்டதும் இரண்டு நாள் திருவிழா என்று முடிவாயிற்று. பந்தல், தொப்பி, டீ, எல்லோருக்கும் பச்சை டி-ஷர்ட் எங்கள் கம்பெனியின் பொறுப்பு. அதையெல்லாம் நடத்துவது என் தலையில் விழுந்தது. காலையில் கரையோர நடை, பிறகு பைனாகுலர் பிடிக்கும் பயிற்சி, களிமண்ணில் பறவை செய்வது, சிட்டுக்குருவிக்கு அட்டைக் கூடு கட்டுவது, இறகைப் பார்த்துப் பறவையைச் சொல்லும் போட்டி, குழந்தைகளுக்கு ஓவியம் என்று அச்சடித்தோம். ஆள் பற்றவில்லை. இவருக்கு வீடு குளத்து வடகரையில்தான் என்பதால் ஓவியப் பந்தலைப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன்.

முதல் வருஷம், இரண்டாம் நாள் காலை, அந்தப் பந்தலிலிருந்து அழுகைச் சத்தம் கேட்டு ஓடினேன். ஒரு சிறுமி பெட்டை மயிலுக்கு நீளத் தோகை வரைந்திருந்தாள். தோகை ஆரம்பிக்கும் இடத்தில் சிவப்பு அம்பு ஒட்டியிருந்தது. பக்கத்தில் வாத்தின் காலுக்கு ஓர் அம்பு. மீன்கொத்தியின் அலகுக்கு இரண்டு. அம்மாக்கள் சிலர் சண்டைக்கு வந்துவிட்டார்கள்.

"அக்கா, குழந்தைங்க படத்துல போயா ஸ்டிக்கர் ஒட்டுவீங்க?"

"தப்புன்னு வையலீங்களே சார். எங்கன்னுதானுங்க காமிச்சேன். எடம் தெரியாம புள்ளைங்க எதைன்னு திருத்துமுங்க?"

அழுதவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, தனக்கும் நாலு ஸ்டிக்கர் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டாள். மத்தியானத்துக்குள் அந்த வியாதி எல்லாக் குழந்தைக்கும் தொற்றிவிட்டது. பேராசிரியரின் சட்டைப் பொத்தானில் அம்பு. டீக் கேனின் ஒழுகும் குழாயில் அம்பு. கடைசியில் நுழைவாயிலில் கட்டிய பெரிய பேனரில், ஆள் உயரத்துக்கு மேலே, யார் தோளில் யார் ஏறினார்களோ, ஓர் அம்பு. 'பரவைத் திருவிழா' என்று அச்சாகியிருந்தது. அச்சுக்குப் போகும் முன் அதைப் பார்த்துச் சரி என்று அனுப்பியவன் நான். முதல் நாள் முழுக்க அந்தப் பேனரின் கீழே நின்றுதான் விருந்தாளிகளை வரவேற்றிருந்தேன்.

வடகரையைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாம் அதில்தான் போய் முடிந்தது. ஊரில் கம்பெனிகள் வெட்டி ஒதுக்கும் துணியும், பழுதென்று தள்ளிய பனியனும் லாரியில் வந்து அந்தக் கரையில் கொட்டப்படும். கழிவை எடுத்துப் போகிறவர்கள் நல்லதைப் பிரித்துக்கொண்டு மிச்சத்தை அங்கே தள்ளிவிட்டுத் தீ வைத்துவிடுவார்கள். சாயத் துணி எரிகிற புகை வித்தியாசமானது. தொண்டையில் ஒட்டிக்கொண்டு இறங்காது. அவருடைய மகளுக்கு அப்போது ஒன்பது வயது. இளைப்பு நோய். பள்ளிக்கூடப் பையில் டிபன் டப்பாவுக்குப் பக்கத்தில் இன்ஹேலர் இருக்கும். புகை வரும் நாளில் அந்தப் பெண்ணைச் சோமனூரில் தன் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிடுவார் என்று செக்கிங் பிரிவில் பேசிக்கொள்வார்கள். அவராக என்னிடம் சொன்னதில்லை.

இரண்டாம் வருஷம் பறவைக் குழு ஒரு தீர்மானம் போட்டது. திருவிழாவின் இரண்டு நாளும் குளத்தில் பார்த்த பறவைகளின் பட்டியலை மனுவோடு சேர்த்து அதிகாரிகளுக்குக் கொடுப்பது, வடகரையில் குப்பை கொட்டுவதைத் தடை செய்யக் கேட்பது. பட்டியலை எழுதுகிற வேலையை இவரே கேட்டு வாங்கிக்கொண்டார். அவர் எதையாவது கேட்டு வாங்கி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

பூவரச மரத்தடியில் ஒரு மேசை, ஒரு அட்டை, கோடு போட்ட தாள். பறவையின் பெயர், எண்ணிக்கை, எங்கே, எத்தனை மணிக்கு, பார்த்தவர் யார். இத்தனை கெடுபிடிக்காரர் வருகிறவர்களைக் குடைந்து எடுப்பார் என்று நினைத்தேன். அப்படியில்லை. யார் வந்து பார்த்தேன் என்று சொன்னாலும் எழுதிக்கொண்டார். பள்ளிப் பிள்ளைகள் சொன்னதையும் எழுதினார். பீகாரிலிருந்து வந்த எங்கள் டெய்லர் ஒருவர் பெயர் தெரியாமல் கையால் கழுத்தை வளைத்து வளைத்துக் காட்டியதைப் பாம்புத்தாரா என்று புரிந்துகொண்டு எழுதினார். பறவை இன்னும் அங்கேயே இருந்தால் மட்டும் எழுந்து போய்த் தானும் ஒரு முறை பார்த்துவிட்டு வருவார்.

"எல்லார் சொல்றதையும் நம்பறீங்களே அக்கா?" என்று கேட்டேன்.

"பாக்காததப் பாத்தேன்னு எதுக்குங்க சார் சொல்லப் போறாங்க? அதுல அவியளுக்கு என்னங்க கெடைக்குது?"

எனக்குச் சிரிப்பு வந்தது. என் தொழிலில் அப்படிக் கேட்க முடியாது.

பட்டியல் நீண்டது. ஆனால் பேராசிரியருக்குத் திருப்தியில்லை. எல்லாக் குளத்திலும் இருக்கிறவைதான் இவை, ஏதாவது ஒரு அபூர்வப் பறவை இருந்தால் மனுவுக்குக் கனம் கிடைக்கும் என்றார். அவர் சொன்னதிலிருந்து எல்லோர் கண்ணும் அபூர்வத்தைத் தேட ஆரம்பித்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை அது கிடைத்தது. வடகரை ஓரம் கோரைப் புல்லுக்குள் செம்பழுப்பாக ஏதோ நிற்பதை முதலாளிதான் முதலில் பார்த்தார். பேராசிரியர் டெலஸ்கோப்பைத் திருப்பி வெகுநேரம் பார்த்தார். "செங்குருகு" என்றார். "ஆள் அரவம் கேட்டால் அசையாது. கோரையோடு கோரையாக நின்றுவிடும். நெஞ்சில் கோடு கோடாகத் தெரிகிறது, பெட்டையாக இருக்கலாம்." இந்தக் குளத்தில் இதுவரை யாரும் பார்த்ததில்லை என்றும் சொன்னார். செய்தி பரவி மூன்று டஜன் பேருக்குக் குறையாமல் கூடிவிட்டோம். பந்தலில் களிமண் பிசைந்துகொண்டிருந்தவர்கள் கையைக் கூடக் கழுவாமல் வந்தார்கள். முக்கால் மணி நேரம் ஒருவரும் இருமவில்லை. பறவையும் அசையவில்லை. அதன் பொறுமையைப் பற்றி எல்லோரும் கிசுகிசுப்பாக வியந்தோம். பல் டாக்டர் அதைத் தியானம் என்றார். முதலாளி படம் எடுத்துத் தள்ளினார். நாற்பது வருஷம் பனியன் ஏற்றுமதி செய்த மனிதர் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை.

ரீசெக் அக்கா அட்டையும் பேனாவுமாக வந்தார். டெலஸ்கோப்பில் கண்ணை வைத்தார். திருகைக் கொஞ்சம் முன்னும் பின்னும் நகர்த்தினார். நிமிர்ந்து ஒரு தரம் வெறும் கண்ணால் பார்த்துவிட்டு மறுபடி குனிந்தார். பிறகு என்னைப் பார்த்துத் தலையசைத்துத் தனியே கூப்பிட்டார்.

"சார், அது ரிப்புங்க."

"என்னது?"

"பனியன் கழுத்துப் பட்டைக்குப் போடற ரிப் துணிங்க சார். நெஞ்சுல கோடு கோடா இருக்குதுன்னு ஐயா சொல்றாருங்கல்ல, அது ரிப்போட கோடுங்க. கீழ ஓரம் பிரியாம அடிக்கற ஓவர்லாக் நூலு தொங்குது பாருங்க. பறவைக்கு ஏதுங்க ஓவர்லாக்கு?"

போய்ப் பார்த்தேன். ஒருமுறை சொல்லிவிட்ட பிறகு அங்கே பறவையே இல்லை. கோரையில் மாட்டி, நனைந்து, நீண்டு தொங்கும் துணி மட்டும்தான் இருந்தது. காற்று இல்லாததால் அது அசையவில்லை. இன்னொன்றும் தெரிந்தது. அந்த நிறம் எனக்குத் தெரியும். எங்கள் ஆர்டர் ஒன்றில் அதற்கு ரஸ்ட், அதாவது துரு, என்று பெயர். சாயப் பட்டறைக்கும் வெளிநாட்டுக்கும் மூன்று முறை துண்டு அனுப்பி அந்த நிறத்துக்கு ஒப்புதல் வாங்கியவன் நான்.

"நம்முளுதுதானுங்க" என்றார் அவர், குரலைத் தாழ்த்தி. "ஐப்பசியில ஷேடு மாறிப் போச்சுன்னு தள்ளுன லாட்டுங்க. நாந்தான் ஸ்டிக்கர் ஒட்டுனேன். அது சுத்திச் சுத்தி என்ற ஊட்டுக்கிட்டயே வந்துருக்குது."

அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் துணியை வெளியே எடுத்தால் யாருடையது என்று கேள்வி வரும். பந்தலும் டீயும் கொடுத்த கம்பெனியின் குப்பை என்று தெரியும். முதலாளி என்னைத்தான் கேட்பார். அதனால் நான் என் தொழிலைச் செய்தேன்.

"அக்கா, செங்குருகுன்னு எழுதிடுங்க. பேராசிரியரே சொல்லிட்டார். மனுவுக்கு நல்லது. குப்பை கொட்டறது நின்னா முதல்ல யாருக்கு நல்லது? உங்க பொண்ணுக்குத்தானே?"

அவர் வடகரைப் பக்கம் பார்த்தார். அன்று புகை இல்லை. அவருடைய ஓட்டு வீட்டுக்கு முன்னால் கொடியில் பச்சை டி-ஷர்ட் ஒன்று காய்ந்துகொண்டிருந்தது.

"பொகை நிக்கோணும்னு என்னயவிட யாருக்குங்க சார் ஆசை இருக்கப் போவுது? நெசமாலுமே பறவையா இருந்துரக் கூடாதான்னுதானுங்க ரெண்டு தடவை பாத்தேன்."

"அப்புறம் என்ன?"

"துணியக் கொட்டாதீங்கன்னு மனு. அதுல துணியவே பறவைன்னு எழுதறதுங்களா? எங்கண்ணுக்குத் துணிதானுங்க தெரியுது. பறவையப் பாத்தவங்க எழுதட்டுமுங்க."

அட்டையையும் பேனாவையும் என்னிடம் நீட்டினார். நான் வாங்கிக்கொண்டேன். செங்குருகு, ஒன்று, வடகரைக் கோரை, காலை ஏழரை. பார்த்தவர் என்ற கட்டத்தில் முதலாளியின் பெயரையும் பேராசிரியரின் பெயரையும் எழுதினேன். இடம் மிச்சமிருந்ததால் என் பெயரையும் எழுதினேன். என் கையெழுத்து அழகாக இருக்கும். மாலையில் மேடையில் முதலாளி அந்த வரியைப் படித்தபோது பந்தலே கைதட்டியது. ரீசெக் அக்கா கடைசி வரிசையில் ஓவியத் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

மனு போனது. முதலாளி எடுத்த படத்தையும் இணைத்தோம். மாசி கடைசியில் அதிகாரிகள் நேரில் பார்க்க வந்தார்கள். கூடவே பறவை தெரிந்த ஒருவரையும் அழைத்து வந்திருந்தார்கள். அபூர்வப் பறவையை எங்கே பார்த்தீர்கள் என்று அவர் கேட்டார். பல் டாக்டர் கையை நீட்டினார். எங்களுடைய செங்குருகு அதே இடத்தில், அதே கோலத்தில் நின்றுகொண்டிருந்தது. வெயிலில் கொஞ்சம் வெளுத்திருந்தது. வந்தவர் பைனாகுலரை இறக்கிவிட்டுச் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். பேராசிரியர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் மெதுவாக நடந்து போய்த் தன் காரில் உட்கார்ந்துகொண்டார்.

பெரிய அதிகாரி மனுவைப் புரட்டினார். "இந்தப் பட்டியல் யார் எழுதியது?"

குழுவில் யாரோ ரீசெக் அக்காவைக் காட்டினார்கள். அவர் தன் வீட்டு வாசலில் மகளோடு நின்றுகொண்டிருந்தார். கூப்பிட்டதும் வந்தார்.

"ஏம்மா, பனியனுக்கும் பறவைக்கும் வித்தியாசம் தெரியாதா உனக்கு?"

பதினெட்டு வருஷம் பனியனைப் பார்த்தவரிடம் இந்தக் கேள்வி. நான் அவரிடமிருந்து நான்கடி தூரத்தில் நின்றிருந்தேன். அந்த ஒரு வரி மட்டும் வேறு கையெழுத்தில் இருப்பது தாளைப் பார்த்த எவருக்கும் தெரிந்திருக்கும். எவரும் பார்க்கவில்லை. அவர் என்னை ஒருமுறை பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"பட்டியலு நான் வெச்சிருந்ததுதானுங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அதில் பொய் ஒன்றும் இல்லை.

பட்டியல் நம்பும்படியாக இல்லை என்று மனு திரும்பி வந்தது. பிள்ளைகள் சொன்ன முக்குளிப்பான், டெய்லர் கழுத்தை வளைத்துக் காட்டிய பாம்புத்தாரா, மூன்று டஜனும் நாலு பீஸுமாக இருந்த நாமக்கோழி எல்லாம் சேர்ந்து பொய்யாயின. அடுத்த வாரமே வடகரையில் லாரி வந்து துணியைக் கொட்டியது. அந்த வருஷம் சித்திரை முழுக்கப் புகை. மகளுக்கு மூச்சு முட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், நாலு நாள் கழித்து வீட்டுக்கு வந்தாள். அவர் விடுப்பு எழுதிக் கொடுத்த தாள் என் மேசை வழியாகத்தான் போனது. காரணம் என்ற இடத்தில் 'குழந்தைக்கு உடம்பு சரியில்லை' என்று மட்டும் எழுதியிருந்தார்.

அதன் பிறகும் கம்பெனியில் தினமும் பார்த்துக்கொண்டோம். வணக்கம் சொல்வார். "சாப்பிட்டீங்களா சார்" என்று கேட்பார். என் ஆர்டர் கட்டுகளைப் பிரித்துப் பார்ப்பார், பழுதைச் சொல்வார். எதிலும் ஒரு மாற்றம் தெரியவில்லை. அவர் ஒரு நாள் என்னைத் திட்டியிருந்தால் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

அடுத்த தை வந்தது. பட்டியலுக்கு வேறு ஆளை வைக்கலாம் என்று குழுவில் பேசினார்கள். இரண்டு நாளும் ஒரே இடத்தில் உட்கார யாரும் முன்வரவில்லை. விடிந்ததும் அவரே வந்து பூவரச மரத்தடியில் மேசையைப் போட்டுக்கொண்டார். இந்த வருஷமும் மனு கொடுப்பதாக இருந்தார்கள்.

அன்று காலை மன்னிப்புக் கேட்டுவிடுவது என்று முடிவு செய்து நான் சீக்கிரம் கிளம்பினேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் வடகரைப் பக்கம் சும்மா நடந்தேன். அவர் வீட்டுக்குப் பின்னால் இருந்த தென்னையில் தட்டுகிற சத்தம் கேட்டது. ஒரு மரங்கொத்தி. முதுகு பொன்னிறம், கொண்டை சிவப்பு. மரத்தைச் சுற்றி ஏறியது, என்னைப் பார்த்தது, சத்தமாகக் கூவிக்கொண்டு தோட்டத்துப் பக்கம் பறந்துபோனது. அபூர்வம் ஒன்றும் இல்லை, எந்தத் தென்னந்தோப்பிலும் இருக்கிற பறவை. ஆனால் எனக்கு ஒரே சந்தோஷம். அவரிடம் போய்ச் சொல்ல என்னிடம் ஒரு உண்மையான பறவை இருந்தது.

மேசைக்கு முன்னால் ஒரு கல்லூரிப் பெண் நின்றிருந்தாள். தாராபுரத்திலிருந்து முதல் முறையாக வந்தவளாம். வேலிக்கு அந்தப் பக்கம் காடை ஒன்று குறுக்கே ஓடியதாகச் சொன்னாள். "எத்தன மணிக்குங்க கண்ணு?" என்று கேட்டு எழுதிக்கொண்டார். பெயரைக் கேட்டு அதையும் எழுதினார். அவள் நகர்ந்ததும் நான் சொன்னேன்.

"அக்கா, பொன்முதுகு மரங்கொத்தி. ஒண்ணு. உங்க வீட்டுத் தென்னையில. இப்பத்தான், ஏழு மணிக்கு."

பேனா தாளைத் தொடவில்லை.

"கூட யாருங்க சார் பாத்தாங்க?"

குரலில் வழக்கமான மரியாதை அப்படியே இருந்தது. இரண்டு வருஷத்தில் அந்த மேசையில் வேறு யாரிடமும் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. யாரும் இல்லை என்றேன்.

அவர் அட்டையைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தார். "வாங்க சார், போய்ப் பாத்துட்டு வந்தர்லாமுங்க."

இருவரும் கரையோடு நடந்தோம். முதல் நாள் பற்ற வைத்த துணிக் குவியல் இன்னும் புகைந்துகொண்டிருந்தது. அவர் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டார். தென்னைக்கு அடியில் போய் நின்றோம். அவர் அண்ணாந்து பார்த்தார், மட்டை மட்டையாக, அவசரமே இல்லாமல். வீட்டுக்குள்ளிருந்து அவர் மகள் இருமுவது கேட்டது. எனக்குத் தாங்கவில்லை.

"அக்கா, போன வருஷம் அந்த அதிகாரி கேட்டப்ப நான்..."

"சத்தம் போட்டா வராதுங்க சார்" என்றார், மரத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

நானும் அண்ணாந்து பார்த்தேன். கால் மணி நேரம் நின்றோம். ஒரு காக்கை வந்தது. இரண்டு அணில்கள் ஏறி இறங்கின. பிறகு அவர் தலையைக் குனிந்து கழுத்தைத் தேய்த்துவிட்டுக்கொண்டு, "ஆளுக நின்னுட்டிருப்பாங்க, போலாமுங்க" என்றார். மேசைக்குத் திரும்பியதும் அட்டையை நிமிர்த்தி வைத்துக்கொண்டு, வரிசையில் அடுத்து நின்றவரை, "சொல்லுங்க" என்றார்.

அந்த வருஷப் பட்டியலில் மரங்கொத்தி இல்லை. நான் அதைப் பார்த்தேன். சத்தியமாகப் பார்த்தேன்.